துணைக்கு உட்காருகிறவர்கள்

அப்பு,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போது சிக்னல் போகவில்லை. நான்தான் போனை வைத்துவிட்டேன். ஊத்துப்பாறையில் பெரிய பாறைமேல் ஏறி நின்றால்தான் பேச முடியும் என்பது உனக்குத் தெரியும். கால் சறுக்கி இறங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பாய். அப்படியில்லை. "எல்லாத்தையும் விட்டுட்டு வாம்மா" என்று நீ சொன்னாய். அதைக் கேட்ட பிறகும் பேசினால் கத்திவிடுவேன் என்று தோன்றியது, பட்டனை அமுக்கினேன். பேச வேண்டியதை இப்போது எழுத்தில் சொல்கிறேன். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை மலர் எழுதுகிறாள். போடி விடுதியிலிருந்து அரையாண்டு விடுமுறைக்கு வந்தவள், இரண்டு பேனாவும் கோடு போட்ட நோட்டும் எடுத்துக்கொண்டு பரீட்சை எழுதுகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். நான் பேசுகிறபடியே எழுது என்றால், "எல்லாரும் கேக்கப்போற கடுதாசிம்மா, எழுத்துல எழுத்து மாதிரிதான் இருக்கணும்" என்கிறாள். ஆக, வார்த்தை அவளுடையது. விஷயம் என்னுடையது. எல்லோரும் கேட்கப் போகிறார்கள் என்று அவள் சொன்னதும் நிஜம்தான். அடுத்த கிராம சபையில் இதை எல்லோர் முன்னாலும் படிக்கப் போகிறோம். அதற்கு முன்னால் உன் கைக்கு வர வேண்டும் என்பதற்காக முதல் பிரதியை உனக்கு அனுப்புகிறேன்.

நம் சுகாதார அறையை மூடப் போகிறார்கள் என்று உனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். பழைய பால்வாடிக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒரு கட்டிலும் ஒரு மருந்து அலமாரியும் எடை பார்க்கிற மிஷினும் வைத்து நடக்கிற ஒற்றை அறை அது. வியாழக்கிழமைதோறும் ஜெபா சிஸ்டர் வந்து, குடியை நிறுத்துகிறவர்களையும் பார்க்கிறார். போடிமெட்டு ரோட்டில் எஸ்டேட் கேட் வரைக்கும் ஜீப், அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் நடை. இனி அவர் மலையேற வேண்டாமாம். அடிவாரத்தில் உட்காருவாராம், தேவைப்படுகிறவர்கள் இறங்கி வந்து பார்த்துக்கொள்ள வேண்டுமாம். காரணம், ஊத்துப்பாறையில் இப்போது குடிக்கிறவர்கள் இல்லை. நாம் குடியை நிறுத்தியதற்கு நமக்குக் கிடைத்த பரிசு இது. "அதுவும் நியாயந்தானேம்மா, ஆள் இல்லாத எடத்துக்கு எதுக்கு நர்ஸு" என்று நீயும் சொன்னாய். ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு நாள் முழுக்க நிற்கிற நீ அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இந்த வருடம் வெள்ளம் வரவில்லை என்பதற்காகக் கரையை வெட்டிவிட்டுப் போவார்களா?

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அதையும் ஒளிக்காமல் எழுதச் சொல்கிறேன். தை மாதம் உனக்குக் கல்யாணம். தேவாரம் ஊர்ப் பெண்; மதுரையில் உன்னோடு ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. வீட்டார் நல்லவர்கள். நிச்சயத்தன்று பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, ஒங்க வீட்டுக்காரரு தேனெடுக்கப் போன எடத்துல பாறையிலருந்து விழுந்துட்டாராம்ல. மாப்ள சொன்னாரு. கேட்டதும் எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு" என்றார். நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நல்ல நாளில் எதற்கு என்று நானும் தலையை ஆட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டலுக்காக இன்றுவரை என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன். மலையில் பிறந்தவன் தேன்பாறையிலிருந்து விழுந்து செத்தான் என்றால் கேட்கிறவர்களுக்கு மரியாதையாக இருக்கிறது. ஆனால் உன் அப்பா எந்தப் பாறையிலிருந்தும் விழவில்லை. அந்த அறை ஏன் வேண்டும் என்று சபையில் நான் பேசினால் அவர் எப்படிச் செத்தார் என்பதும் வெளியே வந்துவிடும். அதனால்தான் என்னை விட்டுவிட்டு வரச் சொல்கிறாய். நான் வரவில்லை, அப்பு.

உன் அப்பாவைப் பற்றி இந்தத் தலைமுறைக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏலச்செடியின் அடியில் கிடக்கிற சரத்தில் எந்தக் காய் பறிக்கிற பதத்தில் இருக்கிறது என்று பார்க்காமலேயே விரலால் தடவிச் சொல்லிவிடுவார். தேனெடுக்கிற கொடிக்கயிற்றை அவர் முறுக்கினால் மூன்று பேர் தொங்கலாம். அவர் குடிகாரராகப் பிறக்கவில்லை. மெட்டுக்கு அந்தப் பக்கத்துக் கேரளா எஸ்டேட்டில் சனிக்கிழமை காய் எடுப்பு முடிந்ததும் ஸ்டோர் வாசலில் கங்காணி கூலியோடு சேர்த்து ஒரு பாட்டிலையும் கையில் திணிப்பார். "தணுப்புக்கு நல்லதாடா, பிடிச்சிட்டுப் போ" என்பார். குளிருக்கு நல்லது என்றுதான் ஆரம்பித்தது. முதலில் சனிக்கிழமை மட்டும். பிறகு புதன்கிழமையும். பிறகு, காலையில் கை நடுங்காமல் காய் பறிக்க வேண்டும் என்றால் எழுந்ததும் ஒரு மடக்கு. போடியில் பஸ்சில் நாம் ஏறினால், "மலையாளுகளா, நெருங்கி உக்காராதீங்க, நாறும்" என்பார்கள். நான் குடித்ததே இல்லை; என்னையும் சொல்வார்கள். இந்த மலையில் சாராயம் காய்ச்சிய அடுப்பு எங்கே இருந்தது, காட்டுங்கள் என்று ஒருநாளாவது அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். பாட்டில் ஜீப்பில் ஏறித்தான் வந்தது. ஜீப் நம்முடையது அல்ல.

ஏழு வருடத்துக்கு முன்னால் பதினோரு பெண்கள் சேர்ந்து ஓடைக்குக் குறுக்கே கயிறு கட்டினோம். கயிற்றைத் தாண்டி பாட்டில் உள்ளே வரக் கூடாது. குடித்திருக்கிறவன் தெளிந்த பிறகுதான் தாண்டலாம். சட்டம் அவ்வளவுதான். எந்த ஆபீஸரும் சொல்லி நாம் கட்டவில்லை. அதற்கு நான் எடுத்துக் கொடுத்த கயிறு உன் அப்பா முறுக்கி வைத்திருந்த தேன்கயிறு. அவர் அதைப் பார்த்துவிட்டு, "அடியே, பாறையில தொங்குறதுக்கு முறுக்குனத ஓடையிலயா கட்டிவச்சிருக்க? சரி, கட்டு. ஒங்கயிறுல நானும் தொங்கிப் பாக்குறேன்" என்று சிரித்தார். அன்றைக்கே நிறுத்தினார். யாரும் அவரைப் பிடித்துக் கட்டவில்லை, மிரட்டவில்லை. தானாகவே நிறுத்தினார். அதை நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள் காலை. இதைக் கேட்கப் போகிற கீழ்நாட்டு ஆட்களுக்கு நம் வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் அடுத்தது விளங்கும். நம் மலைக்குடியில் கோபம் வந்தவனோடு யாரும் மல்லுக்கு நிற்பதில்லை. அவன் கத்த ஆரம்பித்தால் மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள். பெண்டாட்டி போவாள், பிள்ளைகள் போவார்கள், பக்கத்து வீட்டுக்காரர்களும் போவார்கள். கோபத்துக்குக் கேட்க ஆளில்லை என்றால் அது தானாக அடங்கும். மறுநாள் அவன் வெட்கப்பட்டுக்கொண்டு கிழங்கோ கீரையோ பிடுங்கி வந்து கொடுப்பான், விஷயம் முடிந்தது. அரிவாள் தூக்காமல், ஸ்டேஷன் படி ஏறாமல் நாம் வாழ்ந்தது இப்படித்தான். அந்த வழக்கத்தில் இன்றைக்கும் எனக்குப் பெருமை உண்டு. அன்று காலை உன் அப்பாவுக்கு மழையில் நனைந்த மாதிரி வேர்த்தது. கஞ்சிச் சட்டியைப் பிடிக்க முடியாமல் கை ஆடியது. "செவுத்துல எறும்பு ஏறுது பாரு, தட்டு, தட்டு" என்றார். சுவரில் ஒன்றுமே இல்லை. இல்லை என்று சொன்னதற்குச் சட்டியைத் தூக்கி எறிந்து என்னைப் பார்த்துக் கத்தினார். குடிக்கக் கிடைக்காத கோபம் என்று எடுத்துக்கொண்டேன். உன்னையும் மலரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். உனக்கு அப்போது பதினேழு வயது. வாசலில் நின்றுகொண்டு, "அம்மா, யாராச்சும் கூட இருக்கணும்மா. அப்பா மொகமே சரியில்ல" என்றாய். நான் சொன்ன பதிலை நீ மறந்திருக்க மாட்டாய். "விட்டுட்டு வா அப்பு. தன்னால அடங்கும்" என்றேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற உன் மாமன் வீட்டுக்குப் போனோம். பக்கத்து வீட்டார் நமக்கு முன்னாலேயே எழுந்து போயிருந்தார்கள். மறுநாள் வெயில் ஏறித் திரும்பி வந்தபோது அவர் நிலைப்படியில் தலை வைத்துக் கிடந்தார். நாக்கைக் கடித்திருந்தார். உடம்பு விறைத்திருந்தது.

இந்த வரியோடு மலர் எழுதுவதை நிறுத்திவிட்டாள். கை வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். பேனாவை நோட்டின் மேல் வைத்துவிட்டு, "அம்மா, நான் திரும்பிப் பாத்தேன்" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் முன்னாடி வெரசா நடந்தீங்க. நான் பலாமரத்துக்கிட்ட நின்னு திரும்பிப் பாத்தேன். அப்பா வாசல்ல உக்காந்திருந்தாரு. கத்தல. மலரு, தண்ணி கொண்டான்னு கேட்டாரு. மெதுவாத்தான் கேட்டாரு." அப்போது இவளுக்கு ஒன்பது வயது. ஏன்டி இத்தனை வருடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "திரும்பிப் போனா என்னயும் பாத்துக் கத்துவாருன்னு நெனச்சேன். அப்புறம் சொல்லி என்ன ஆகப் போகுதுன்னு விட்டுட்டேன்" என்றாள். வீட்டில் ஒரு செம்புத் தண்ணீரை இவள் ஏழு வருடமாகத் தனியாகச் சுமந்திருக்கிறாள், நான் பக்கத்திலேயே இருந்தும் பார்க்கவில்லை. "இத எழுதவா, வேணாமாம்மா?" என்று கேட்டாள். எழுது என்றேன். மூன்று பேரும் அன்று விட்டுவிட்டுப் போனோம், அப்பு. சொன்னவள் நான். நீ தடுத்தாய், இவள் திரும்பியாவது பார்த்தாள். குற்றம் என்று ஒன்று இருந்தால் அது என் பெயரில்தான் இருக்க வேண்டும். அதை நீ பாறைக்குக் கொடுத்துவிடாதே.

அடக்கம் முடிந்த மறுநாள் ஆண்கள் ஓடைக் கயிற்றை அறுத்துப் போட்டார்கள். "கயிறுதான் அவனக் கொன்னுச்சு" என்றார்கள். அதில் பாதி உண்மை. பாட்டிலை நிறுத்தத் தெரிந்த எங்களுக்கு, நிறுத்திய மனிதனை என்ன செய்வது என்று தெரியவில்லை. குடி முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு நர்ஸிங் படிக்கப் போனாய். ஏன் அந்தப் படிப்பு என்று எல்லோரும் கேட்டார்கள், நான் கேட்கவில்லை.

ஜெபா சிஸ்டர் முதலில் வந்தது குழந்தைகளுக்கு எடை பார்க்கத்தான். பேச்சோடு பேச்சாக வீட்டுக்காரர் எப்படித் தவறினார் என்று கேட்டார். எறும்பு, வேர்வை, கத்தல் எல்லாம் சொன்னேன். அவர் உச்சுக் கொட்டவில்லை. "நிறுத்தி எத்தனாவது நாள்க்கா?" என்றார். மூன்றாவது நாள் என்றேன். "அது கோவம் இல்லக்கா. அது நோய். வருஷக்கணக்கா தெனமும் குடிச்ச ஒடம்பு திடீர்னு நிறுத்துனா நடுங்கும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், வலிப்பு வரும். கூட ஆள் இருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா மருந்து இருக்கு" என்றார். யாரையாவது அடிக்க வேண்டும் என்று என் ஆயுளில் அன்றைக்குத்தான் தோன்றியது. அந்தப் பெண்ணையே அடிக்கத் தோன்றியது. கோபம் என்றால் நான் வழக்கப்படி நடந்தவள். நோய் என்றால் நான் யார்? எழுந்து போய்விட்டேன். அடுத்த வியாழக்கிழமை அவர் மறுபடியும் வந்து, அதே இடத்தில் உட்கார்ந்து, "அக்கா, கோவம் ஆறிருச்சா, இன்னும் இருக்கா? இருந்தாலும் பரவாயில்ல, நான் இருக்கேன்" என்றார். அப்போதுதான் அழுதேன்.

அதற்குப் பிறகு கயிற்றை மறுபடியும் கட்டினோம். இந்த முறை சட்டத்தில் இன்னும் கொஞ்சம் சேர்த்தோம். நிறுத்த நினைக்கிறவன் முதலில் சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். டாக்டர் பார்த்து மாத்திரை எழுதித் தருவார். சிலரைக் கீழே கொண்டுபோய்ப் படுக்கவைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்றால் கொண்டுபோக வேண்டும். எங்கே இருந்தாலும் மாற்றி மாற்றி இரண்டு பேர் அவனோடு துணைக்கு உட்கார வேண்டும். அவன் என்ன கத்தினாலும் எழுந்து போகக் கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது. நம் ஆட்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். ஒருவன் குரலை உயர்த்தினால் நம் கால் தானாகவே வாசலைப் பார்க்கும்.

முதலில் வந்தவர் கருப்பன் மாமா. மாத்திரை ஆரம்பித்து இரண்டாம் நாள் மதியம் நானும் என்னோடு கயிறு கட்டிய செல்லியும் உட்கார்ந்திருந்தோம். "ஏன்டி, பொணத்துக்குக் காவலா இருக்கீங்க? எந்திரிச்சுப் போங்கடி!" என்று வீடு அதிரக் கத்தினார். செல்லியின் கால் நடுங்கியதை நான் பார்த்தேன். ஆனால் வாய் நடுங்கவில்லை. "பொணம்னா பேசாமக் கெடக்கணும் மாமா. நீ இம்புட்டுப் பேசுற, ஒன்னய எப்புடிப் பொதைக்கிறது?" என்றாள். கொஞ்ச நேரத்தில், "மூலையில யானை நிக்குதுடி, தும்பிக்கைய நீட்டுது" என்றார். நிற்கட்டும், அதற்கும் சேர்த்துக் கஞ்சி வைத்திருக்கிறேன் என்று நான் சொன்னேன். வாய்தான் விளையாடியது, யானை என்றதுமே, அவருக்காக ஊரிலேயே தங்கியிருந்த ஜெபா சிஸ்டருக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் பாறைமேல் ஏறி நின்று டாக்டரோடு பேசினார். அப்போதே டோலி கட்டி நான்கு பேர் மாற்றி மாற்றித் தூக்கி ஜீப் வரைக்கும் இறக்கினோம். ஆஸ்பத்திரியிலும் கூடவே உட்கார்ந்தோம். அவர் பிழைத்து வந்து, முதல் வேலையாக எங்களுக்கு ஒரு கட்டுக் கீரை பிடுங்கிக் கொடுத்தார். இப்போது ஓடைக் கயிற்றுக்குக் காவல் அவர்தான். வாராவாரம் ஜெபா சிஸ்டர் பையையே திறந்து பார்க்கிறார். "மருந்து பாட்டில்தான் மாமா" என்றால், "பாட்டில்னா பாட்டிலுதான், மோந்து பாத்துட்டுத் தர்றேன்" என்கிறார்.

நீ கேட்கலாம், எல்லோரும்தான் நிறுத்திவிட்டார்களே, இனி என்ன என்று. மெட்டுக்கு அந்தப் பக்கம் பாட்டில் நிற்கவில்லையே. வீரன் உனக்கு ஞாபகம் இருக்கும், உன்னைவிட இரண்டு வயது சின்னவன். கேரளா எஸ்டேட்டில் நான்கு வருடம் தங்கி வேலை பார்த்துவிட்டுப் போன மாதம் திரும்பி வந்தான். கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, "சின்னம்மா, எனக்கும் நிறுத்தணும். காலையில குடிக்காம வேட்டி கட்டக்கூட முடியல" என்றான். உன் அப்பாவின் கை அப்படித்தான் ஆடியது. இப்போது ஓடைக்கரையில் குடிசை போட்டு இருக்கிறான். ஜெபா சிஸ்டர் பார்த்து, டாக்டரிடம் நாள் குறித்து, அதுவரைக்கும் நீயாகத் திடீரென்று நிறுத்தாதே என்று சொல்லியிருக்கிறார். அறையை மூடிவிட்டால் வீரனுக்கு இரண்டு வழிதான். குடித்துக்கொண்டே கயிற்றுக்கு வெளியில் கிடக்க வேண்டும். இல்லையென்றால் ஒருநாள் வெட்கம் தாங்காமல் தனியாக நிறுத்திவிட்டு உள்ளே வர வேண்டும். உன் அப்பா செய்த மாதிரி. குடிக்கிறவனைவிட நிறுத்துகிறவனுக்குத்தான் நர்ஸ் அவசரமாக வேண்டும். நிறுத்தினவனுக்கு அதற்குப் பிறகும் வேண்டும். ஆசை தலைதூக்குகிற நாளில் பேச ஒரு ஆள் வேண்டும். இது உன் ஆஸ்பத்திரியில் உனக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். எனக்குச் சொல்லித் தந்தது உன் அப்பாவின் உடம்பு.

போன வாரம் நான், செல்லி, கருப்பன் மாமா, இன்னும் இரண்டு பெண்கள் போடியில் சுகாதார ஆபீஸுக்குப் போனோம். அதிகாரி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சிரித்த முகத்தோடுதான், "அதான் ஒங்க ஊர்ல குடியே இல்லையேம்மா. நல்ல விஷயந்தானே, பெருமைப்படுங்க" என்றார். பெருமையைப் பையில் போட்டுக்கொண்டு மலையிறங்க முடியாது ஐயா, வலிப்பு வந்தவனை அடிவாரம் வரை யார் நடத்திக் கூட்டி வருவது என்று கேட்டேன். கயிறு கட்டினது நீங்கள் சொல்லி இல்லை, அறையைக் கேட்கிறது மட்டும் உங்களிடம் என்றேன். அவர் முகம் மாறியது. "சொன்னாப் புரியாதா? வெளிய போங்க, எனக்கு வேற சோலி இருக்கு" என்று மேஜையைத் தட்டினார். அவ்வளவுதான், நம் ஆட்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். யானையோடு பேசிய கருப்பன் மாமாவே முதலில் வெளியே போனார். ஒருவன் கத்தினால் எழுந்து போவது நம் வழக்கம் என்று கீழே இருக்கிறவர்களுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது, அப்பு. அந்த வழக்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் சம்மதம். நானும் எழுந்தேன். கதவு வரைக்கும் போனேன். நிலைப்படியில் கால் வைக்கும்போது, இன்னொரு நிலைப்படியும் அதில் கிடந்த தலையும் கண்ணுக்குள் வந்தது. திரும்பிப் போய் அவருக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்த நாற்காலியில் நம் ஆட்கள் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பியூன் வந்து, "ஆத்தா, எந்திரிங்க, ஐயா சாப்பிடப் போகணும்" என்றான். "நல்லாச் சாப்பிட்டு வரட்டும் தம்பி, நான் இங்கனதான் இருப்பேன்" என்றேன். அவர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். இருந்தேன். பைல் பார்த்தார், போன் பேசினார். இருந்தேன். சன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டுச் செல்லி உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். பிறகு மற்ற இருவரும். கடைசியாகக் கருப்பன் மாமா வந்து, "மோந்து பாத்துட்டேன் ஐயா, எங்க யாருகிட்டயும் பாட்டில் இல்ல. இருக்கலாமா?" என்றார். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் சொன்னார்: "கிராம சபையில தீர்மானம் போடுங்க. ஏன் வேணும்ங்கிற காரணத்தோட எழுதிக் குடுங்க. வெறுமனே வேணும் வேணும்னு எழுதுனா மேல அனுப்ப மாட்டேன்."

காரணம் கேட்கிறார்கள். அந்தக் காரணம் ஒரு மனிதன். அவர் பாறையிலிருந்து விழுந்தார் என்று நீ சொல்லிக்கொண்டிருந்தால் நான் எதைத் தீர்மானத்தில் எழுதுவது? பாறைக்கு நர்ஸ் தேவையில்லை.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை ஆனதற்கு விருந்து எங்கே என்று உன் சிநேகிதர்கள் மண்டபத்துக்குப் பின்னால் கார் டிக்கியைத் திறப்பார்கள் என்று எனக்குத் தெரியும். திறக்கட்டும், நீ போகாதே என்று சொல்லி உன்னைப் பச்சைக் குழந்தை ஆக்க மாட்டேன். நான் கேட்பது வேறு. இந்தக் கடிதம் சபையில் படிக்கப்படுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் நீயே போய்ச் சொல்லிவிடு. அவள் நர்ஸ், நோய் அவளுக்கு விளங்கும். பொய்தான் விளங்காது. கோபப்படுவாள். கோபப்பட அவளுக்கு உரிமை இருக்கிறது. அப்போது உன் கால் வாசலைப் பார்க்கும், ஏனென்றால் நீ என் மகன், இந்த மலைக்குடியில் பிறந்தவன். போகாதே. அவள் கத்தட்டும், அழட்டும், பேசாமல் இருக்கட்டும், நீ கூடவே உட்கார். தண்ணீர் கேட்டால் எடுத்துக் கொடு. அதற்குப் பிறகும் அவள் வேண்டாம் என்றால், அவள் வீட்டுக்கு நான் வந்து நிற்கிறேன், என் தலையாட்டலுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன். கல்யாணம் நின்றுபோய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருக்கிறது. பயத்தோடுதான் இதைச் சொல்கிறேன். இருந்தாலும் ஓடைக்கு அந்தப் பக்கம் வீரன் உட்கார்ந்திருக்கிறான். உன் கல்யாணத்தை மனதில் வைத்து நான் வாயை மூடிக்கொண்டால், இன்னொரு வீட்டில் இன்னொரு மலர் திரும்பிப் பார்த்துவிட்டு ஏழு வருடம் பேசாமல் இருப்பாள்.

மதுரையில் உன் வீட்டில் எனக்கென்று ஓர் அறை இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது என்றாய். நல்ல மனதோடு சொன்னாய், சந்தோஷம். கல்யாணத்துக்குப் பிறகு வந்து நான்கு நாள் இருந்துவிட்டு வருகிறேன். ஆனால் எனக்கு வேண்டிய அறை இங்கே இருக்கிறது. அதற்கு ஒரு கட்டிலும் ஓர் அலமாரியும் போதும், வியாழக்கிழமை ஜெபா சிஸ்டர் வந்து கதவைத் திறந்தால் போதும்.

கிராம சபை கூடுகிற நாளை மலர் உனக்குப் போனில் சொல்வாள். அன்று நீ வந்தால் இதை நீயே படி. உன் அப்பாவைப் பற்றி உன் வாயால் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. எனக்கு மருந்துப் பெயர்கள் தெரியாது. நீ சொன்னால் அதிகாரி குறித்துக்கொள்வார். ஓடையில் கருப்பன் மாமா உன் பையையும் திறந்து மோந்து பார்ப்பார், கோபித்துக்கொள்ளாதே. நீ வராவிட்டால் மலர் படிப்பாள். இப்போதே இரண்டு தடவை சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டாள். தண்ணீர் கேட்ட இடத்தில் மட்டும் குரல் உடைகிறது, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். அன்றைக்கும் உடையும். உடைந்தால் உடையட்டும், யாராவது மேஜையைத் தட்டினால் தட்டட்டும். அவள் படித்து முடிக்கிறவரைக்கும், தீர்மானம் எழுதிக் கையெழுத்தாகிறவரைக்கும், நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா